விட்டவர் சொன்னால் கேட்பான்



மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து ஒரு தாய், மகனின் குடியைப் பற்றி எழுதியிருக்கிறார்: “டொக்டர் சொல்லியும் கேக்கல்ல, சாமி சொல்லியும் கேக்கல்ல. ஆர் சொன்னா என்ட மகன் கேப்பான்?”

வாவியில் இறால் படுகிற நாளில் கையில் காசு புழங்கும். அது வீடு வந்து சேருமா என்பது பல குடும்பங்களின் கவலை. முன்பு தவறணைச் சாராயமும் கசிப்பும்தான் பேச்சு. இப்போது ஐஸ் என்ற போதைப்பொருளும் சேர்ந்துவிட்டது.

அம்மா, குடித்துச் சீரழிந்து மீண்ட ஒருவர் சொன்னால் உங்கள் மகன் கேட்கக்கூடும்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் படுத்துப்போய் ஹோட்டலில் தனித்து நின்றார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்கள்தான். பக்கத்து மதுக்கூடம் இழுத்தது. அங்கே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடித் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தார். கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற வைத்தியர். ‘அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்’ அப்படித்தான் பிறந்தது. தூக்கிவிடப் போனவர் தானும் நிமிர்ந்தாரே, எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

இப்படி, தான் மீண்டு மற்றவருக்குத் துணைநிற்பவர் என்ன செய்வார்? கிளினிக் நாளில் விடியவே வாசலில் வந்து நிற்பார். பஸ் தவறணையைத் தாண்டும்வரை பேச்சுக் கொடுப்பார். கூலி கிடைத்த அன்று கூடவே கடைக்குப் போய், அரிசியும் பிள்ளைக்குக் கொப்பியும் வாங்கவைப்பார். கை நடுங்கத் தொடங்கும் பின்னேரம் பார்த்து, “தம்பி, சாப்பிட்டயா?” என்று அழைப்பார். மறுபடி குடித்துவிட்டு வந்தால் முகம் சுளிக்கமாட்டார். அவரே எத்தனை தரம் விழுந்தவர்!

ஆனால் அவர் வைத்தியர் அல்ல. வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். கோயிலில் சத்தியம் வாங்கி அறையில் பூட்டிவைப்பவர்கள் இதை அறிய வேண்டும். முதலில் வைத்தியசாலை. 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின், வைத்தியசாலைக்குப் போக அந்தத் துறையில் படகுப்பாதைக்காகக் காத்துக்கிடந்த காலம் போய்விட்டது. ஆனாலும் ‘விசர் வாட்டுக்குப் போறான்’ என்று ஊர் சொல்லுமே என்ற வெட்கம் இன்னும் மறிக்கிறது. மீண்டவர் ஒருவர் கூடப் போனால் அந்த வெட்கம் பாதியாகும்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலம் 1999இலேயே, உளநோயிலிருந்து மீண்டு பிறருக்குத் துணைநிற்பவர்களின் வேலைக்கு அரச மருத்துவக் காப்புறுதியிலிருந்து பணம் கொடுக்கத் தொடங்கியது. போதை மீட்பிலும் இது பிறகு சம்பளத் தொழிலாயிற்று. நமது பக்கத்தில் நான் அறிந்த சிலர் சொந்தக் காசில் பஸ் ஏறுகிறார்கள். இது சரியில்லை. பயிற்சி வேண்டும், சம்பளம் வேண்டும், அவர்களையும் விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். அடுத்தவர் குடிக்கதையை நாள்முழுக்கக் கேட்பவருக்குப் பழைய ஆசை திரும்பாது என்று எவரும் உத்தரவாதம் தரமுடியாது.

உளநல உதவிக்கு 1926, போதைப்பொருள் தொடர்பான ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆகிய இலக்கங்களை அழைக்கலாம்.

குடியை விட்டவர்களே, முதல் வாரத்தை எப்படித் தாண்டினீர்கள் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்