"ஊடு முடிஞ்சா?" என்று கேட்கிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கட கரையோர ஊர்களில் கலியாணப் பேச்சு எப்படித் தொடங்கும் என்று யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. பிள்ளை என்ன படித்தது, தொழுகை எப்படி, குணம் எப்படி என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி, "ஊடு முடிஞ்சா?"

முந்தி "ஊடு இருக்கா" என்று கேட்டார்கள். இப்போது "முடிஞ்சா" என்று கேட்கிறார்கள். முடிந்த வீடு என்றால் சிலாப் போட்டிருக்க வேண்டும், டைல்ஸ் பதித்திருக்க வேண்டும், அறைக்குள்ளேயே பாத்ரூம் வேண்டும், முன்னால் மதிலும் கேற்றும் வேண்டும். பூசாத சுவரைக் கண்டால் புரோக்கர் "இன்னும் நிறைய வேல கிடக்கே" என்று இழுப்பார். அந்த இழுவையில் ஒரு வாப்பாவுக்கு இரவு நித்திரை போய்விடும்.

நான் எதிர்த்து எழுதுவது இந்த "முடிஞ்ச" என்ற சொல்லைத்தான்.

சம்பளத்திலும் கூலியிலும் சீவிக்கிறவனுக்கு வீடு என்பது ஒரேயடியாகக் கட்டுகிற சாமான் இல்லை. எங்கட மூத்தவாப்பாமார் அப்படிக் கட்டவும் இல்லை. முதலில் கிடுகுக் குடிசை. பெரும்போகம் அறுத்துக் கையில் காசு மிஞ்சினால் ஒரு அறைக்குச் சுவர். அடுத்த போகம் நல்லா விளைந்தால் கூரைக்கு ஓடு. கடல் தொழில் செய்தவரும் தறி நெய்தவரும் அப்படித்தான் கட்டினார்கள். பூசாத சுவருக்குள் பிள்ளை பெற்றார்கள், வளர்த்தார்கள், படிப்பித்தார்கள். அந்த வீட்டில் இருந்துதான் எங்கட முதல் தலைமுறை ஆசிரியர்களும் டொக்டர்களும் வந்தார்கள். அது வெட்கம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இப்போது அதே வேலைக்கு நாங்கள் திகதி குறித்துவிட்டோம். கணக்கைப் பாருங்கள். ஒருவர் வீட்டு வேலைக்கென்று மாதம் 30,000 ரூபா ஒதுக்குகிறார் என்று வைப்போம். வருஷத்துக்கு 3,60,000. பத்து வருஷத்துக்கு 36 இலட்சம். அவருக்குப் பத்து வருஷம் கொடுத்தால் கடன் இல்லாமல் மெல்ல மெல்லக் கட்டுவார். "ரெண்டு வருஷத்துக்குள்ள முடிச்சிருங்க, மாப்புள பக்கம் அவசரப்படுறாங்க" என்றால் அவர் கையில் 7,20,000தான் இருக்கும். மிச்சத்துக்கு எங்கே போவார்? உம்மாவின் நகை அடகுக்குப் போகும். வயல் காணி விற்கப்படும். பிறகு வட்டிக் கடன்.

ஜும்ஆவில் வட்டி ஹராம் என்று குத்பா கேட்டுவிட்டு வருகிறோம். பெண்ணின் வாப்பா வட்டிக்கு எடுத்த காசில் பதித்த டைல்ஸில் முஸல்லாவை விரித்துத் தொழுகிறோம். அந்த வட்டியை எடுக்க வைத்தது யார் என்று ஒரு நாளாவது யோசித்தோமா?

2022ஐ மறக்க வேண்டாம். சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரைக்கும் போனது. ஆயிரம் ரூபாவை ஒட்டி இருந்த 50 கிலோ சீமெந்து பைக்கற் மூவாயிரத்தைத் தொட்டது. கம்பியும் டைல்ஸும் சொல்லவே வேண்டாம். மெல்லக் கட்டிக் கொண்டிருந்தவர் வேலையை நிறுத்தினார். அரைச் சுவரோடு ஒன்றிரண்டு வருஷம் இருந்தார், அவ்வளவுதான். மகளின் நிகாஹுக்குத் திகதி கொடுத்தவரால் நிறுத்த முடியவில்லை. மூன்று மடங்கு விலைக்குச் சீமெந்து வாங்கினார். அந்தக் கடனை இன்றைக்கும் கட்டுகிறவர்கள் எங்கட ஒழுங்கைகளில் இருக்கிறார்கள்.

படிப்பிக்கிற தொழிலில் இருப்பதால் இதன் விலையை நான் வேறு ஒரு இடத்தில் பார்க்கிறேன். கணிதத்தில் கெட்டிக்காரப் பொடியன் சாதாரண தரம் எழுதிவிட்டுக் காணாமல் போகிறான். கேட்டால், "கட்டாருக்குப் போறேன் சேர், ராத்தாட ஊட்டு வேல கிடக்கு" என்கிறான். பதினெட்டு வயதில் ராத்தாவின் சிலாப் அவன் தலையில். அதற்குப் பிறகு தங்கச்சி. அவன் தனக்கென்று யோசிக்கும்போது முப்பது தாண்டிவிடும். இன்னொரு பக்கம், உம்மா சவூதியில் வீட்டு வேலைக்குப் போய், உம்மம்மாவிடம் வளர்கிற பிள்ளைகள். அறிக்கை அட்டையில் கையொப்பம் வைக்க ஆள் இல்லாத பிள்ளைகள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படப் போகிற வீட்டுக்காக, இன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தேவையான உம்மா இல்லை.

வீடு முடிந்து மகளும் மருமகனும் குடியேறிய பிறகு கட்டினவர்கள் எங்கே? எத்தனையோ வீட்டில் பின்பக்கம் தகரம் அடித்த ஒரு சாய்ப்பில். அடுத்த குமருக்கு வளவின் மற்றப் பக்கம் அத்திவாரம் வெட்டிக் கொண்டு.

சரி, வழக்கமாக வருகிற பதில்களுக்கு வருவோம்.

முதல் பதில்: "ஊடு பொம்புளப் புள்ளட பேர்லதானே இருக்கு, அது அவளுக்குப் பாதுகாப்பு."

உண்மை. இதை நான் மறுக்கவில்லை. கிழக்கில் மகளுக்கு வீடு எழுதுவது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒரே மாதிரி இருந்த பழைய வழக்கம். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்து இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். உறுதி பெண்ணின் பேரில் இருப்பதால் எத்தனையோ சகோதரிகள் தலாக்குக்குப் பிறகும் நடுத்தெருவுக்கு வரவில்லை. அந்த நல்லதைக் கைவிடச் சொல்லவில்லை. வாப்பா தன் சக்திக்குள் மனம் விரும்பி மகளுக்குக் கொடுத்தால் அது அன்பளிப்பு. கொடுக்காவிட்டால் கலியாணம் நடக்காது என்றால் அதற்குப் பேர் அன்பளிப்பு இல்லை. உறுதி யார் பேரில் இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. காசு யார் போடுவது, எவ்வளவு காலத்துக்குள் போடுவது என்பது வேறு கேள்வி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்காதீர்கள்.

இரண்டாவது பதில்: "நாங்க ஒண்டும் கேக்கல்ல, அவங்களாத் தந்தாங்க."

வாயால் கேட்கவில்லை, சரி. வீடு இல்லாத பிள்ளைகளின் விபரம் வந்தபோது நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? புரோக்கரிடம் "ஊடு இல்லாட்டியும் பரவாயில்ல" என்று ஒரு தரமாவது சொன்னீர்களா? அதைச் சொல்லாதவரைக்கும் நீங்கள் கேட்டதாகத்தான் கணக்கு.

மூன்றாவது பதில்: "மாப்புளைக்கு இப்ப கட்ட வசதி இல்ல."

இருபத்தெட்டு வயது, அரச உத்தியோகம், இன்னும் முப்பது வருஷம் சம்பளம் வரப்போகிறது. அவருக்கு வசதி இல்லை. அறுபது வயதில் கடலுக்குப் போகிறவருக்கு வசதி இருக்க வேண்டும். இது என்ன நியாயம்? எங்கட தொழிலில் உள்ளவர்களும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கல்வியியற் கல்லூரியால் வெளியேறி நியமனக் கடிதம் கையில் கிடைத்ததும் சந்தையில் எங்கட பெறுமதி ஏறிவிடுகிறது. பிள்ளைகளுக்கு ஒழுக்கம் படிப்பிக்கிறவர்களின் விலைப்பட்டியலைப் புரோக்கர் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு திரிகிறார்.

மார்க்கத்தைக் கேட்போம் என்றால், அது தெளிவாக இருக்கிறது. சூரா அந்நிஸாவின் 4ஆவது வசனம் பெண்ணுக்கு மஹரை மனமுவந்து கொடுக்கும்படி ஆணுக்குச் சொல்கிறது. சூரா அத்தலாக்கின் 6ஆவது வசனம் தலாக் சொல்லப்பட்டு இத்தா இருக்கிற பெண்ணைக் கூட, கணவன் தன் வசதிக்கேற்பத் தான் குடியிருக்கிற இடத்தில் குடியமர்த்த வேண்டும் என்கிறது. பிரிந்து போகிறவளுக்கே இருப்பிடம் கணவனின் பொறுப்பு என்றால், வாழ வருகிறவளுக்கு? அதிலும் வசதிக்கேற்ப என்றுதான் இருக்கிறது. டைல்ஸ் பதித்து என்று இல்லை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளியை ஒட்டிக் கட்டிய ஹுஜ்ராக்கள் களிமண் கல்லாலும் ஈச்சமட்டையாலும் ஆன சின்ன அறைகள். முதலில் ஸவ்தா (ரழி), ஆயிஷா (ரழி) இருவருக்கும் கட்டினார்கள். மற்ற அறைகள் பிறகு தேவை வர வரச் சேர்ந்தன. மஸ்ஜிதுந் நபவியே முதலில் ஈச்ச மரத் தூணும் ஓலைக் கூரையும்தான். செதுக்கிய கல்லும் தேக்குமரமும் உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில் வந்தன. பள்ளியே படிப்படியாக வளர்ந்திருக்கிறது, எங்கட மாப்பிள்ளைக்கு மட்டும் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

குறை மட்டும் சொல்லாமல் வழியையும் சொல்கிறேன்.

ஒன்று. ஒரு அறை, ஒரு குசினி, ஒரு பாத்ரூம், தண்ணி, கரண்ட். நிகாஹுக்கு இவ்வளவும் போதும் என்று பள்ளி நிர்வாகங்கள் மிம்பரில் வைத்துச் சொல்ல வேண்டும். அது சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. வாடகை வீட்டில் தொடங்கினால் ஆண்மை குறையாது.

இரண்டு. மஹரைப் பேருக்கு ஒரு தொகையாக எழுதுவதை விடுங்கள். வீட்டின் அடுத்த அறையை, அல்லது கூரையை, மாப்பிள்ளை மஹராகப் பொறுப்பெடுக்கட்டும். அதன் பெறுமதியைக் காசாக விவாகப் பதிவில் எழுதுங்கள். மஹரைத் தவணையில் கொடுக்க மார்க்கத்தில் இடம் இருக்கிறது. கொடுக்காவிட்டால் காதி நீதிமன்றத்தில் கேட்கலாம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மஹரும் இருக்கிறது, கைக்கூலியும் இருக்கிறது. கைக்கூலியைத் திருப்பிக் கேட்கவும் பெண்ணுக்கு வழி இருக்கிறது. இதை எங்கட பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மூன்று. மெல்லக் கட்டுவதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கில்லாமல் கட்டினால் இடித்து இடித்துக் கட்ட வேண்டி வரும். முழு வீட்டுக்கும் வரைபடம் போட்டுப் பிரதேச சபையில் அனுமதி எடுங்கள், பிறகு முதல் அறையைக் கட்டுங்கள். மேல்மாடி நோக்கம் இருந்தால் அத்திவாரத்திலும் தூணிலும் இப்பவே அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும், பிறகு நினைத்தால் முடியாது. இப்போதைக்குச் சீற் போட்டுக் குடியேறலாம். எங்கட உப்புக் காற்றுக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கிற கம்பி துருப்பிடித்துவிடும். சீமெந்துக் கரைசல் பூசி மூடி வையுங்கள். கல்லும் மணலும் காசு கிடைக்கிற நேரம் வாங்கிப் போடலாம். சீமெந்தை மட்டும் வாங்கி அடுக்காதீர்கள், மாதக்கணக்கில் கிடந்தால் கட்டிபட்டுப் போகும். கரண்ட் பைப்பும் தண்ணிப் பைப்பும் போட்ட பிறகு பூசுங்கள். கொங்கிரீட்டுக்கு ஒரு கிழமையாவது தண்ணி ஊற்றுங்கள், அதற்குச் செலவே இல்லை. மேசனுக்கு முடிந்த வேலைக்குக் காசு கொடுங்கள், முற்பணமாக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அவர் பின்னால் அலையாதீர்கள்.

"சேர், நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்பவர்களுக்கு: எங்கட வீட்டை நானும் மனைவியும் வருஷத்துக்கு ஒரு வேலை என்றுதான் செய்கிறோம். வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை. பின் அறைக்குக் கதவு இல்லை, பிளைவூட் பலகை வைத்துச் சாத்தியிருக்கிறோம். வருகிறவர்கள் சிலர் அதையே பார்ப்பார்கள். பார்க்கட்டும். மாசம் முடிய யாரும் கடனுக்கு வந்து கதவைத் தட்டுவதில்லை.

கடைசியாக மாப்பிள்ளைமாருக்கு. "உம்மாதான் கேட்டாங்க, எனக்கு ஒண்டும் தெரியா" என்று சொல்லித் தப்ப வேண்டாம். பெண்ணின் போட்டோவைக் கேட்க உங்களுக்கு வாய் இருக்கிறது. "வீட்டை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து மெல்லக் கட்டுவோம்" என்று உம்மாவிடம் சொல்லவும் அதே வாய் போதும். அந்த ஒரு வார்த்தையால் ஒரு வாப்பா வயலை விற்காமல் இருப்பார். ஒரு உம்மா ரியாத்துக்கு விமானம் ஏறாமல் இருப்பார். ஒரு பொடியன் உயர்தரத்துக்கு வந்து என் வகுப்பில் உட்காருவான்.

மெல்ல மெல்லக் கட்டியவர்கள் எங்கட ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதல் வருஷம் எந்த வேலை, அடுத்த வருஷம் எந்த வேலை, எத்தனை வருஷத்தில் முடிந்தது என்று கீழே எழுதுங்கள். இன்னும் முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இளம் பிள்ளைகள் வாசிக்கட்டும்.

அல்லாஹ் எங்கட வீடுகளிலும் அதில் வாழ்கிறவர்களிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.