கோ-ஹவுசிங்: நெருங்கி வாழ எத்தனை வீடு போதும்?

லண்டனின் ஹை பார்னெட் பகுதியில் ‘நியூ கிரவுண்ட்’ என்றொரு குடியிருப்பு இருக்கிறது. 25 வீடுகள். குடியிருப்பவர்கள் எல்லோரும் 50 வயதைத் தாண்டிய பெண்கள். வயதான காலத்தில் தனியாகவும் கிடக்கக் கூடாது, முதியோர் இல்லத்துக்கும் போகக் கூடாது என்று 1998இல் சிலர் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் குடிபோக 2016 ஆகிவிட்டது.

அமெரிக்காவின் முதல் கோ-ஹவுசிங், கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1991இல் வந்தது; 26 வீடுகள். டென்மார்க்கில் 1972இல் உருவான செட்டடாமென் 27 குடும்பங்களோடு தொடங்கியது. நாடு வேறு, காலம் வேறு. எண்ணிக்கை மட்டும் ஏன் இப்படி ஒட்டி வருகிறது?

கம்யூன் அல்ல

கோ-ஹவுசிங்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனி அடுப்பு, தனி வரவு செலவு. கூடவே எல்லோருக்குமாக ஒரு பொது வீடு. அங்கே பெரிய சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் இருக்கும். வாரத்தில் சில நாள் முறை வைத்துச் சமைத்து, சேர்ந்து சாப்பிடுவார்கள். சம்பளத்தை யாரும் ஒரே உண்டியலில் போடுவதில்லை. அபார்ட்மென்ட்டில் பில்டர் கட்டி விற்ற பிறகுதான் அசோசியேஷன் பிறக்கும். இங்கே முதலில் ஆட்கள் சேர்கிறார்கள், கட்டடம் பிறகு வருகிறது.

சமையல் முறைக் கணக்கு

வாரத்துக்கு ஐந்து பொதுச் சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் இருவர் சமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு பத்து கைகள் தேவை. மொத்தமே எட்டுப் பேர் என்றால், சிலருக்கு வாரம் இரண்டு முறை கரண்டி பிடிக்கும் வேலை. ஆறே மாதத்தில் சலித்துவிடும். 30 பேர் இருந்தால் ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். 100 பேர் என்றால் பத்து வாரத்துக்கு ஒருமுறை. சுகம்தான், ஆனால் நூறு பேருக்குச் சமைப்பது வீட்டுச் சமையல் அல்ல, கல்யாணச் சமையல்.

பழக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 10 பேருக்குள் 45 ஜோடி உறவுகள். 50 பேர் என்றால் 1,225. அத்தனை பேரின் உடம்பு சுகமும் மனத்தாங்கலும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அப்போது பேசித் தீர்ப்பது குறையும், நோட்டீஸ் போர்டும் விதிமுறையும் கூடும்.

அதற்காகச் சின்னதே சிறந்தது என்றும் சொல்ல முடியாது. ஆறு வீடு மட்டும் இருந்து, இரண்டு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனால் மூன்றில் ஒரு பங்கு குடியிருப்பு முறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு குடும்பம் காலி செய்தாலே பொதுச் செலவு மற்றவர்கள் தலையில் விழும். முக்கியமாக, ஒதுங்கி இருக்க இடமிருக்காது. 25 வீட்டில் ஒருவரைப் பிடிக்காவிட்டாலும் மற்றவர்களோடு பழகலாம். ஒருநாள் சாப்பிட வராவிட்டால் ‘என்ன கோபம்?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

150 என்ற எண்

இந்தப் பேச்சு வந்தாலே பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராபின் டன்பரின் 150 என்ற எண்ணும் கூடவே வரும். குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, மனிதர் ஏறக்குறைய 150 பேரோடுதான் நிலையான உறவைப் பேண முடியும் என்றார் அவர். 2021இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள், இந்த முறையில் அப்படியொரு உறுதியான எண்ணை எட்டவே முடியாது என்று மறுத்தார்கள். கோ-ஹவுசிங்கைப் பொறுத்தவரை மூளைக் கணக்கைவிட சமையல் கணக்கு நம்பகமானது.

பெரிதாகக் கட்டியே தீர வேண்டும் என்றால்? டென்மார்க்கில் 1978இல் முடிந்த டிங்கோர்டன் ஒரு வழி காட்டியது. 80க்குச் சற்றுக் குறைவான வாடகை வீடுகள். அவற்றை ஆறு தொகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பொது வீடு கொடுத்தார்கள்.

நியூ கிரவுண்டின் சிக்கல் வேறு. அங்கே வயதும் கணக்கில் வருகிறது. ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வோம், ஆனால் நர்ஸ் வேலை பார்ப்பதில்லை என்பது அவர்களுக்குள் முன்பே பேசிக்கொண்டது. 25 வீட்டிலும் ஒரே சமயத்தில் 85 வயதுக்காரர்கள் இருந்தால் சமைப்பது யார்? அதனால் ஐம்பதுகளில் இருப்பவர்களும் எண்பதைத் தாண்டியவர்களும் கலந்தே அங்கு குடியேறினார்கள். ஒரு வீடு காலியாகும்போது அடுத்து யார் வருகிறார் என்பதில்தான் அந்தக் கலவை நிற்குமா என்பது இருக்கிறது.