இடுப்பில் ஏறிய விந்தணு

விந்தணு என்றாலே வாலை ஆட்டி நீந்தும் உருவம்தான் நினைவுக்கு வரும். பாடப்புத்தகப் படமும் அதுதான். ஆனால் பிறந்து வளரும் விந்தகத்துக்குள் அதற்கு நீந்தத் தெரியாது. அங்கே அது கைக்குழந்தை. அதைத் தூக்கி இடுப்பில் வைத்து, இங்கும் அங்கும் கொண்டுபோய், வேளை வந்ததும் இறக்கிவிடுவது வேறொரு செல்.

1865-ல் இத்தாலிய இளைஞர் என்ரிகோ செர்டோலி, மனித விந்தகத்தின் நுண்குழல்களில் கிளைவிட்ட செல்கள் இருப்பதை விவரித்து எழுதினார். இன்று அவர் பெயராலேயே அவை செர்டோலி செல்கள். குழலின் சுவரில் காலூன்றி, நடுவிலுள்ள வெற்றிடம் வரை நிமிர்ந்து நிற்கும். வளரும் விந்தணுக்கள் இவற்றின் இடுக்குகளிலும் குழிவுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடிப்பக்கத்தில் அடுத்தடுத்த செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகத் தைத்தாற்போல இணைந்திருக்கின்றன. காரணம் இருக்கிறது. விந்தணு உருவாகத் தொடங்குவது பருவ வயதில். நோய் எதிர்ப்பு மண்டலமோ ‘நம்மவர் யார்’ என்ற பாடத்தை அதற்கு வெகுகாலம் முன்பே படித்துவிடுகிறது. கண்ணில் பட்டால் விந்தணுவை அந்நியனாக நினைத்துத் தாக்கும். அதனால்தான் இந்த மறைப்பு. ஆனாலும் இளம் செல்கள் இதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவை கடக்கும்போது பின்னால் புதுத் தையல் விழுந்த பிறகே முன்னால் உள்ள பழைய தையல் பிரிகிறது. ஒரு நொடியும் வாசல் திறந்து கிடப்பதில்லை.

இதைவிட வியப்பானது மேலே நடக்கிறது. விந்தணுவின் தலை நீளத் தொடங்கியதும் செர்டோலி செல் அதைக் கவ்விக்கொள்கிறது. கவ்விய இடத்தில், செல்சவ்வுக்கு அடியில், ஆக்டின் என்ற புரத இழைகள் விறகுக்கட்டு போல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அதன் பின்னால் எண்டோபிளாச வலையின் தட்டையான பை. அதற்கும் பின்னால் செல்லுக்குள்ளேயே மேலும் கீழுமாக ஓடும் நுண்குழாய்கள், அவைதான் தண்டவாளம். மோட்டார் புரதங்கள் இந்தப் பிடிமானத்தை அப்படியே அதன்மேல் இழுத்துச் செல்ல, ஒட்டியிருக்கும் விந்தணுவும் கூடவே போகிறது. முதலில் அடியாழம் வரை, பிறகு விளிம்புக்கு. கனடாவின் வேய்ன் வோகல் குழுவினர் எலியின் விந்தகத்திலிருந்து இந்தப் பிடிமானங்களைப் பிரித்தெடுத்து, நுண்குழாய்களோடு சேர்த்து வைத்து, அசைவு உண்டாவதைக் காட்டினார்கள்.

விளிம்பில் பிடி கரைகிறது. விந்தணு திரவத்தில் மிதந்து, விந்தகத்தை ஒட்டிய எபிடிடிமிஸ் என்ற குழலைச் சேர்ந்த பிறகே நீந்தும் திறன் பெறுகிறது.

பிடியை வேளைக்கு முன் தளர்த்தினால்? அட்ஜுடின் என்ற மருந்து எலிகளில் அதைத்தான் செய்தது. முதிராத விந்தணுக்கள் உதிர்ந்து மலட்டுத்தன்மை வந்தது. நிறுத்தியதும் மீண்டும் கருவுறச் செய்யும் திறன் திரும்பியது. ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. ஆனால் தொடர்ந்து கொடுத்தபோது சில எலிகளுக்குக் கல்லீரல் அழற்சியும் தசை மெலிவும் வந்தன. தசையைக் கெடுக்கும் மருந்தை, நோயில்லாத ஆணுக்குக் கொடுப்பது நியாயமே இல்லை.

மனிதரில் இந்த வளர்ப்புக்கு ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. கடும் காய்ச்சலின் பாதிப்பு சில வாரங்கள் கழித்தே விந்துப் பரிசோதனையில் தெரிவதற்கு இதுவே காரணம். காய்ச்சலில் விழுந்து எழுந்த சில வாரங்களில் எடுத்த ஒரே அறிக்கையைப் பார்த்து மனம் உடைந்துபோகாதீர்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.