முகப்பருக் களிம்பும் தில்லிக் குளிரும்

மார்கழி பிறந்ததும் நம் சங்கக் குடும்பத்து இளைஞரிடையே ஒரு முறையீடு எழுவதுண்டு. பருவுக்கென மருத்துவர் எழுதித் தந்த களிம்பு எரிக்கிறது. தோல் செதிற்செதிலாக உரிகிறது. பருவோ முன்னிலும் மிகுகிறது. உடனே குழாய் குப்பைக்குப் போகிறது. இஃது அவசர முடிவென்பதே எம் கருத்து.

ட்ரெட்டினாயின், அடாபலீன் முதலியன வைட்டமின் ஏ இனத்தைச் சார்ந்தவை. மேற்றோல் புதுப்பிக்கப்படுதலை விரைவுபடுத்தி, மயிர்க்கால் துளைகள் அடைபடாமற் காப்பது இவற்றின் தொழில். தொடக்கத்துச் சில வாரங்களில் வறட்சியும் சிவப்பும் இயல்பே. பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். சென்னைக் கடற்காற்றில் பொறுக்கும் தோல் இங்குள்ள வறண்ட வாடையில் பொறுப்பதில்லை. கொதிநீரில் முகங்கழுவி ஹீட்டர் முன் அமர்வோர்க்குச் சொல்லவே வேண்டா.

இரவில் முகங்கழுவி, ஈரம் நன்கு உலர்ந்தபின், முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணியளவே பூசுக. மிகுதியாகப் பூசினால் எரிச்சலே மிகும். முதலில் ஒன்றுவிட்டொரு நாள் போதும். கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு ஆகியவற்றை விலக்குக. மணமற்ற ஈரப்பசைக் களிம்பை முன்னரோ பின்னரோ தடவலாம். பகலில் வெயிற்காப்புக் களிம்பு வேண்டும். கடலைமாவுத் தேய்ப்புக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் ஓய்வு தருக, பாட்டிமார் பொறுத்தருள்வாராக. மெழுகிட்டு மயிர் களைதல் கூடவே கூடாது, தோலும் உடன் பெயரும். வீக்கமோ நீர்க்கசிவோ கண்டால் நிறுத்தி மருத்துவரைக் காண்க. கருவுற்றோரும் கருவுற விழைவோரும் இக்களிம்புகளைத் தவிர்த்தல் வேண்டும்.

எம்மைப் பெரிதும் வருத்துவது வேறொன்று. ட்ரெட்டினாயினுடன் ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் கலந்த களிம்பை, முகம் வெளுக்குமென்று மணநாள் குறித்த பெண்ணுக்கு உறவினரே வாங்கித் தருகின்றனர். ஸ்டீராய்டு எரிச்சலை மறைப்பதால் முதலில் முகம் பொலிவதுபோல் தோன்றும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்த நாளங்கள் வெளித்தெரியும். நிறுத்தியதும் முகம் தீயெனச் சிவக்கும். பெண்ணின் நிறத்தில் குறை காணும் கண்களுக்குக் களிம்பு ஏதும் இல்லாதது நம் தீவினையே. 2018-இல் மைய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென ஆணையிட்டது. எனினும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. நும் இல்லத்துக் குழாயில் மொமெட்டசோன் அல்லது ஃப்ளூசினோலோன் என்ற பெயர் காணப்படின், தாமே முடிவு செய்யாது, அக்குழாயுடன் தோல் மருத்துவரிடம் செல்க.