கயிறறுத்த கைனேஸ்

நரம்பு செல்கள் முதிர்ந்த பிறகு பிரிவதில்லை. எழுபது வயதுப் பாட்டி பேரன் பெயரைச் சொல்லும்போது அந்தப் பெயரை எடுத்துக்கொடுக்கும் நியூரான்களில் பெரும்பாலானவை, பாட்டி தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவானவை. அதனால்தான் 1992-ல் அமெரிக்காவில் எட் ஹார்லோவின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த ஒரு என்சைம் எல்லோரையும் குழப்பியது. லீ-ஹுவேய் சாய் உள்ளிட்ட அந்தக் குழு புற்றுநோய் ஆராய்ச்சிக்காகச் செல் பிரிவை நடத்தும் கைனேஸ்களைத் தேடிக்கொண்டிருந்தது. சிக்கியவற்றில் ஒன்று குடும்பச் சாயல் மாறாமல் இருந்தும் செல் பிரிவில் கைவைக்கவில்லை. அது முழுவீச்சில் வேலை செய்த இடம், பிரியவே பிரியாத நியூரான். குடும்ப வரிசைப்படி அதற்கு சிடிகே-5 என்று பெயர் வந்தது. அதே ஆண்டில் கனடாவின் கால்கரியிலும், அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஹரீஷ் பந்தின் குழுவிலும் வேறு வேறு வழியில் இதே என்சைமை வந்தடைந்தார்கள்.

கைனேஸ் செய்யும் வேலை ஒன்றுதான். ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, இன்னொரு புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டும். பாஸ்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அது ஒட்டியதும் புரதத்தின் வடிவம் மாறும், யாரோடு சேரும், யாரை விட்டு விலகும் என்பதும் மாறும். ஒட்டியதை எடுத்துவிட பாஸ்பட்டேஸ் என்ற எதிர் என்சைம் இருக்கிறது. இந்தப் போட்டு எடுக்கும் முறையைக் கண்டறிந்த எட்வின் கிரெப்ஸுக்கும் எட்மண்ட் ஃபிஷருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1992-ல்தான்.

இப்போது நியூரானின் எலும்புக்கூட்டுக்கு வருவோம். இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டருகே இருக்கும் ஒரு செல்லின் ஆக்ஸான் என்ற இழை கால் விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும். செல்லின் உடலில் தயாராகும் சரக்கு அத்தனை தூரமும் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஆக்ஸான் நெடுக 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள் ஓடுகின்றன. மோட்டார் புரதங்கள் அவற்றின் மேல் நடந்து, வேகமான சரக்கை ஒரு நாளில் 40 சென்டிமீட்டர் வரை கொண்டுபோகின்றன. இந்த நுண்குழல்களோடு ஒட்டியிருக்கும் புரதம் டாவ். பிரின்ஸ்டனில் மார்க் கிர்ஷ்னரின் ஆய்வுக்கூடம் 1975-ல் அதைக் கண்டறிந்தபோது, அதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

தொடர்பு 1986-ல் வெளிப்பட்டது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் கிரண்ட்கே-இக்பாலும் காலித் இக்பாலும், அல்சைமர் நோயாளிகளின் நியூரான்களுக்குள் இருக்கும் சிக்கல்கள் டாவ் புரதத்தால் ஆனவை, அதில் அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது என்று காட்டினார்கள். நலமான மூளையில் ஒரு டாவ் மூலக்கூறில் சராசரியாக இரண்டு, மூன்று பாஸ்பேட்டுகள் இருக்கும். நோயுற்ற மூளையில் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. பாஸ்பேட் கூடினால் டாவ் நுண்குழலை விட்டு நழுவுகிறது, ஒன்றோடொன்று முறுக்கி இழையாகிறது. இந்த வேலையைச் செய்யும் கைனேஸ்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தபோது, ஒன்று ஜிஎஸ்கே-3, இன்னொன்று நம்முடைய சிடிகே-5.

ஒரு மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் அந்தச் சிக்கலைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வெள்ளிச் சாயம் ஏற்றிய ஸ்லைடு. பழுப்பு மஞ்சள் பின்னணியில், தீக்கொழுந்து வடிவில் கன்னங்கரேலென்று இழைகளின் கட்டு. பேராசிரியை ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தி, “இப்ப பாருங்க சார், இது பேய்ச் சிக்கல்” என்றார். இழைக்கட்டு அதே வடிவில் இருக்கிறது, சுற்றி செல் இல்லை. உட்கருவும் இல்லை, சவ்வும் இல்லை. நியூரான் செத்துக் கரைந்துபோன பிறகும் டாவ் அங்கேயே கிடக்கிறது. “யாரோட மூளைங்க மேடம்?” என்று கேட்டுவிட்டேன். “ஒரு ஸ்கூல் டீச்சரம்மா” என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதையெல்லாம் பார்த்தால் சிடிகே-5-ஐ ஒழித்துக்கட்டினால் போதும் என்று தோன்றும். ‘மூளையைக் கொல்லும் என்சைம்’ என்று தலைப்பிடுகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1996-ல் பந்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்த ஜீன் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் பிறக்கும் முன்போ, பிறந்த கையோடோ இறந்தன. வளரும் மூளையில், பிந்திப் பிறந்த நியூரான்கள் முந்திப் பிறந்தவற்றைத் தாண்டி மேலேறித் தங்கள் அடுக்கில் அமர வேண்டும். அந்தப் பயணத்துக்கு செல்லின் எலும்புக்கூடு ஓயாமல் கலைந்து கூட வேண்டும். சிடிகே-5 இல்லாத மூளையில் அடுக்குகள் தாறுமாறாகிக் கிடந்தன. மூளையைக் கட்டும் கை இதுதான்.

பிறகு எங்கே தவறுகிறது? சிடிகே-5 தனியாக எதையும் செய்யாது, பி35 என்ற துணைப் புரதம் வந்து சேர வேண்டும். பி35-ன் ஒரு முனையில் ஒரு கொழுப்பு அமிலம் இருக்கிறது. அது செல் சவ்வில் குத்தி நிற்கும். அதாவது கைனேஸ் கட்டுத்தறியில் கட்டிய காளை. கயிறு எட்டும் தூரத்துக்குத்தான் மேயும். பி35-க்கு ஆயுளும் குறைவு, அரை மணி நேரத்துக்குள் பாதி சிதைந்துவிடும். நியூரானுக்குள் கால்சியம் மட்டுமீறிப் புகுந்தால் கால்பெயின் என்ற இன்னொரு என்சைம் கண்விழிக்கிறது. அது பி35-ன் கொழுப்பு ஒட்டிய முனையைத் துண்டித்துவிடுகிறது. எஞ்சும் பி25 துண்டு சீக்கிரம் சிதைவதும் இல்லை, சவ்வில் நிற்பதும் இல்லை. கயிறறுத்த காளை செல் முழுக்கப் புகுந்து, போகக்கூடாத இடத்தில் எல்லாம் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பி25 இப்படிக் கயிறறுத்துத் திரிவதைச் சாயின் குழு 1999-ல் வெளியிட்டது. கட்டுப்படாத ரத்த அழுத்தத்தால் மூளைக்கு ரத்தம் தடைபட்டாலும் கால்சியம் இப்படித்தான் புகும். ரத்த அழுத்த மாத்திரையை ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நிறுத்திவிடும் சொந்தக்காரர்களிடம் நான் சண்டை போடுவது இதனால்தான்.

அந்த 1999 கட்டுரை நோயாளிகளின் மூளையில் பி25 கூடியிருந்ததாகச் சொன்னது. வேறு சில ஆய்வுக்கூடங்கள் தேடியபோது அப்படித் தெரியவில்லை. காரணங்களில் ஒன்று என்னை உலுக்கியது. இறந்த பிறகு நியூரானுக்குள் கால்சியம் தானாகவே நுழைகிறது, கால்பெயின் அப்போதும் வெட்டுகிறது. ஆக, மூளையைக் குளிரில் வைக்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதைப் பொறுத்தே முடிவு மாறிவிடலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் உள்ள மூளை வங்கிகள், குடும்பத்தார் காலதாமதமின்றி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்பதில் எவ்வளவு பொருள் இருக்கிறது! துக்க வீட்டில் அந்த முடிவை எடுக்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பி25-கூட முழுக்கக் கெட்டதில்லை. எலிகளில் அதைக் கொஞ்ச நாள் மட்டும் கூட்டியபோது நினைவுத்திறன் மேம்பட்டது, வாரக்கணக்கில் நீடித்தபோதுதான் நியூரான்கள் மடிந்தன. இன்னொரு சான்று குளிர்காலத் தூக்கத்தில் ஆழும் தரை அணில். ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் 2003-ல் காட்டியது இது: தூங்கும் அணிலின் மூளையில் டாவ் அல்சைமரில் இருப்பதுபோலவே பாஸ்பேட் ஏறிக் கிடக்கிறது, இணைப்புகள் சுருங்குகின்றன. விழித்ததும் பாஸ்பேட் இறங்குகிறது, இணைப்புகள் திரும்பி வருகின்றன. இவ்வளவு தூரம் போய்விட்டும் திரும்பி வர ஒரு பாலூட்டியின் மூளைக்கு வழி தெரிகிறது. எனக்கு நம்பிக்கை தருவது இந்த அணில்தான்.

கைனேஸை மொத்தமாக அடக்கும் முயற்சிகள் மனிதரிடம் பலிக்கவில்லை. ஜிஎஸ்கே-3-ஐத் தடுக்கும் லித்தியத்தை அல்சைமர் நோயாளிகளுக்குப் பத்து வாரம் கொடுத்துப் பார்த்த 2009 சோதனையிலும், அதையே தடுக்கும் டைட்குளூசிப் மருந்தின் 2015 சோதனையிலும் பயன் தெரியவில்லை. 2023-ல் சாயின் எம்ஐடி குழு வேறு வழியில் போனது. சிடிகே-5-ன் ஒரு சிறு பகுதியைப் போலவே பன்னிரண்டே அமினோ அமிலங்களில் ஒரு பெப்டைடு செய்தார்கள். அது பி25 சிடிகே-5-ஓடு சேரும் இடத்தில் குறுக்கே புகுகிறது. பி35-ஓடு நடக்கும் அன்றாட வேலையை அவ்வளவாகத் தொடுவதில்லை. எலிகளில் நியூரான் இழப்பும் அழற்சியும் குறைந்தன, வழி கண்டுபிடிக்கும் சோதனைகளில் அவை தேறின. மாத்திரையாக இது கடைக்கு வரும் என்று யாரும் இன்னும் சொல்ல முடியாது. இது எலியில் கிடைத்த முடிவு, அவ்வளவே.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. டாவின் 217-வது இடத்தில் கைனேஸ்கள் ஒட்டும் பாஸ்பேட்டை இப்போது ரத்தத்திலேயே அளக்க முடிகிறது. அதை அடிப்படையாகக் கொண்ட பரிசோதனைக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2025 மே மாதம் அனுமதி தந்தது. இப்போதைக்கு அது அறிகுறி தெரிந்தவர்களுக்கு மட்டும். ஆனால் ரத்தத்தில் இந்த மாற்றம் மறதி தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. கயிற்றைக் காக்கும் மருந்து எதுவாக இருந்தாலும், அதைப் பேய்ச் சிக்கல்கள் நிறைந்த மூளையில் கொடுத்துப் பார்த்துத் தோற்க வேண்டியதில்லை. நியூரான்கள் உயிரோடு இருக்கும்போதே, யாருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இனித் தேட முடியும்.