லூகாஸ் மட்டுமா குற்றவாளி?

1962இல் வந்த எம்ஜிபி காரை இன்றும் ஓட்டும் பிரிட்டிஷ் ரசிகர்கள், அதன் மின்கருவிகளைச் செய்த லூகாஸ் நிறுவனத்தை 'இருளின் இளவரசர்' என்று கிண்டலடிப்பார்கள். சிரிக்கலாம், ஆனால் அது முழு நியாயமல்ல.

முகப்பு விளக்கு மங்கினால் பலர் பல்பை, டைனமோவை மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது துருவேறிய எர்த் இணைப்பை. விளக்கை எரியவிட்டு, பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் போதும். அரை வோல்ட் காட்டினாலே, மின்சாரம் திரும்பும் வழியில் தடை இருக்கிறது என்று பொருள். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பெரும்பாலும் வெளிச்சம் திரும்பும்.

பழைய எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இது தெரியாமல் இன்றைய ரேடியோவை மாட்டினால் புகைதான் வரும்.

ஆரம்பகால வண்டிகளில் இரண்டே ஃபியூஸ். முகப்பு விளக்குக்கு அதுவும் கிடையாது. அந்தச் சிக்கனத்துக்குக் கார் நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும்.