பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

2022 ஆம் ஆண்டை எமது பகுதி வியாபாரிகள் எவரும் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபா வரை ஏறியது. என்னுடையது ஒரு சிறிய ஹார்ட்வெயார் கடை. பெயின்ட், வார்னிஷ், தின்னர் விலையைக் கேட்டுவிட்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் போன நாட்கள் அவை. கடையில் சும்மா இருப்பதை விட வேறு ஏதாவது செய்வோம் என்று, பழைய மரத் தளபாடங்களை வாங்கி, வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்தி, பொலிஷ் அல்லது பெயின்ட் அடித்து விற்க ஆரம்பித்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஓடாவியார் ஒருவர் எனக்குத் துணையாக வந்தார்.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. பிறகு ஓர் அலுமாரி வந்தது. 1960களில் செய்யப்பட்ட சாமான். முன்பக்கம் நல்ல தேக்கு. ஆனால் அடிப்பலகையில் ஒரு பகுதியை வண்டு அரித்திருந்தது. பலகையை மாற்றுவோம் என்றார் ஓடாவியார். வேண்டாம் என்றேன் நான். துளைகளைப் புட்டி போட்டு அடைத்து, மேலே வெள்ளை எனாமல் அடித்தேன். பார்ப்பதற்குப் புத்தம் புதிய அலுமாரி போலவே இருந்தது. மகளுக்குக் கட்டிய வீட்டுக்கென்று ஒரு ஹாஜியார் அதனை வாங்கிக்கொண்டு போனார்.

மாரி மழை முடிந்த கையோடு அவரிடமிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தேன். அலுமாரியின் கீழே சீமெந்துத் தரையில் மஞ்சள் நிறத்தில் மாப்பொடி கொட்டிக் கிடந்தது. அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, இத நீங்க அண்டைக்கே சொல்லியிருந்தாலும் நான் எடுத்திருப்பன். மருந்தடிச்சி வெச்சிருப்பன். சொல்லாம வுட்டுட்டீங்களே" என்று மட்டுமே சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அலுமாரியை ஏற்றி வந்தேன். அதே வீதியில் எனக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு வீட்டாரும் அதற்குப் பிறகு என் பக்கம் வரவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த மாப்பொடிதான். இந்தத் தொழில் எமது ஊர்களுக்கு நல்ல தொழில், இதனைச் செய்ய வேண்டும் என்பதே எனது கருத்து. ஆனால் பெயின்ட்டை மூடுதிரையாகப் பாவிப்பவர்கள் கையில் இது நிலைக்காது என்பதையும் நட்டப்பட்டே படித்தேன்.

தேவை எங்கே இருக்கிறது?

மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, அந்த வீட்டுக்குத் தளபாடமும் போட்டுக் கொடுப்பது கிழக்கு மாகாண முஸ்லிம் ஊர்களின் வழக்கம். அந்த வழக்கத்தின் நன்மை தீமை பற்றி இங்கு நான் பேச வரவில்லை. வீட்டு வேலையிலேயே கைக்காசு முடிந்துபோன ஒரு தகப்பன், தளபாடத்துக்குத் தவணைக் கடன் எடுப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அப்படி வாங்குகின்ற சாமானில் பெரும்பகுதி மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. எமது கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அது ஊதி, பிணைச்சல் பூட்டிய இடம் கழன்று, தவணை முடிவதற்கு முன்பே கதவு சரிந்து நிற்கும்.

அதே தகப்பனின் உம்மா வீட்டுப் பின்னறையில் ஒரு முதிரை மேசையோ தேக்குச் சாய்மனையோ தூசி படிந்து கிடக்கும். 1977இல் திறந்த பொருளாதாரம் வருவதற்கு முன், இறக்குமதி இறுக்கமாக இருந்த காலத்தில், எமது வீட்டுச் சாமான்கள் உள்ளூர் மரத்தில் ஓடாவிமாரின் கையால் செய்யப்பட்டவை. சரிந்த மெல்லிய கால்கள், பிரம்பு பின்னிய இருக்கை, லாச்சி வைத்த மேசை என்று அக்காலத்துக்கே உரிய ஓர் அமைப்பு அவற்றுக்கு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகளைச் சாமான்களோடு சேர்த்துக் கொண்டு போனது. எஞ்சியவை அலை எட்டாத வீடுகளில் இருந்தவையே. அவற்றைத்தான் நாம் இன்று "பழசு" என்று லொறிக்காரரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

வாங்குபவர்களும் இல்லாமல் இல்லை. பொத்துவில் அறுகம்பையில் உல்லாசப் பயணிகளுக்கு விடுதி நடத்துவோர் இப்படியான சாமான்களை விரும்புகிறார்கள். தென்பகுதியில் அம்பலாங்கொடையிலும் காலியிலும் பழைய தளபாடக் கடைகள் நீண்ட காலமாகவே உள்ளன. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா தனது கொழும்பு வீட்டில் பழைய கதவுகளையும் தூண்களையும் தளபாடங்களையும் தேடிக் கொண்டுவந்து பாவித்தவர்.

சண்டிகார் சொல்லும் பாடம்

பழைய சாமானின் பெறுமதியை அறியாதவர் எவ்வளவு இழப்பார் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் இந்தியாவின் சண்டிகார் நகரம். 1950களில் லு கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் அந்நகரை அமைத்தபோது, அவரது உறவினரான பியர் ஜென்னரேயின் தலைமையில் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கு மரத்தாலும் பிரம்பாலும் கதிரைகள் செய்யப்பட்டன. செய்தவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். காலப்போக்கில் அவை உடைந்து, மொட்டை மாடிகளிலும் களஞ்சியங்களிலும் குவிந்தன. அரச ஏலங்களில் கழிவுச் சாமானாக விற்கப்பட்டன. ஐரோப்பிய வியாபாரிகள் அவற்றை அள்ளிச் சென்று திருத்தி, வெளிநாட்டு ஏலங்களில் ஒவ்வொன்றையும் ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்றார்கள். 2011இல்தான் இந்திய அரசு விழித்துக்கொண்டு, இச்சாமான்களைப் பாதுகாக்குமாறு உத்தரவிட்டது.

எமது ஊர் அலுமாரிகளுக்கு அந்த விலை வராது. இதில் நான் கவனித்த விடயம் வேறு. அக்கதிரைகளின் பின்புறத்தில், எந்த அலுவலகத்துக்கு உரியது என்று காட்டும் எழுத்துகளும் இலக்கங்களும் பெயின்ட்டால் எழுதப்பட்டிருக்கும். அசல் சாமான் என்பதற்கு இன்று அந்த எழுத்துகளும் ஒரு சான்று. அழகாக்குகிறேன் என்று அவற்றைத் தேய்த்து எடுத்தவர், சாமானின் வரலாற்றோடு அதன் பெறுமதியையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். வாங்குபவர் பளபளப்புக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை. சாமான் எங்கிருந்து வந்தது, உள்ளே எப்படி இருக்கிறது என்று அறிந்துகொள்வதற்கும் சேர்த்தே கொடுக்கிறார்.

வேலை முறை

இத்தொழிலில் இறங்க நினைப்போருக்குச் சில நடைமுறை விடயங்கள். முதலில் பழைய பூச்சு எது என்று அறிய வேண்டும். மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் இளகி ஒட்டுமானால், அது அரக்கில் செய்த பழைய பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரையுமானால் லக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பெயின்ட். பழைய அரக்குப் பொலிஷை முழுவதும் சுரண்டத் தேவையில்லை. துடைத்துச் சுத்தம் செய்து, மேலே மீண்டும் பொலிஷ் போட்டாலே பெரும்பாலும் போதும்.

நல்ல வைரம் பாய்ந்த தேக்குக்கும் முதிரைக்கும் பெயின்ட் அடிக்காதீர்கள். நரம்பு தெரியும்படி பொலிஷ் போட்டால்தான் அதற்கு விலை. பெயின்ட் அடிக்க உகந்தவை கலப்பு மரத்தில் செய்தவை, முன்பே பலமுறை பெயின்ட் கண்டவை, பலகை மாற்றி நிறம் ஒவ்வாதவை. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. பசை பூசவோ பெயின்ட் அடிக்கவோ முன் தின்னரால் துடைக்க வேண்டும். மஹோகனியில் வெள்ளை அடித்தால் மரத்தின் சாயம் ஊறிச் சிவப்புக் கறையாக மேலே வரும். முதலில் மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கை பூசினால் அது தடுக்கப்படும். மேலே மெல்லிய வினீர் ஒட்டிய சாமானில் இயந்திரம் போட்டுத் தேய்த்தால் நிமிடத்தில் அடிமரம் தெரிந்துவிடும். கையால் மெதுவாகத் தேய்ப்பதே பாதுகாப்பு.

இரண்டு ஆபத்துகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். இலங்கையில் பெயின்ட்டிலுள்ள ஈயத்துக்குச் சட்டப்படியான வரம்பு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர வைத்துத் தேய்த்தால், அந்தத் தூசி வீட்டிலுள்ள சிறுபிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும்தான் முதலில் பாதிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும், பெயின்ட் ரிமூவர் பாவிப்பதும், வேலை செய்யும் இடத்துக்குப் பிள்ளைகளை விடாமல் இருப்பதும் அவசியம். அடுத்தது, ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடும். விரித்து வெளியே காய வையுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். மாரி காலத்து ஈரத்தில் பொலிஷும் லக்கரும் பால் நிறத்தில் வெளுத்துப் போகும். கச்சான் வீசும் மாதங்களில் பூச்சு நன்றாகக் காயும், ஆனால் மணலையும் தூசியையும் கொண்டுவந்து ஒட்டும். காற்று எழும்ப முன், காலையிலேயே பூச்சு வேலையை முடித்துவிடுவது எங்கள் வழக்கம். கதிரைகளுக்கு மெத்தை உறை தைக்க மருதமுனைக் கைத்தறி பக்கத்திலேயே இருக்கிறது. பிரம்பு பின்னுதல், உறை தைத்தல் போன்றவற்றை வீட்டுப் பெண்களும் செய்யலாம். ஒரு சாமானால் நான்கு வீட்டில் அடுப்பு எரியும்.

மறைப்பதில் இலாபம் உண்டா?

வியாபாரிகள் நாம், கணக்காகவே பார்ப்போம். விலைகள் இடத்துக்கு இடம் மாறும். இது ஓர் உதாரணம் மட்டுமே. பழைய அலுமாரி 20,000, லொறிக்கூலி 2,000, ஓடாவியாருக்கு மூன்று நாள் கூலி 13,500, பொருட்கள் 9,500. மொத்தம் 45,000. 60,000 ரூபாவுக்கு விற்றால், எமது உழைப்புக்கும் இலாபத்துக்குமாக 15,000 மிஞ்சும். அரித்த பலகையை மாற்ற 6,000 செலவாகும் என்று வையுங்கள். புட்டி போட்டு மறைக்க 500 போதும். ஆகவே மறைத்தால் 5,500 மிச்சம் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் சாமான் திரும்பி வந்தால் 60,000 ரூபாவைக் கொடுத்து, மீண்டும் லொறிக்கூலி கட்டி, அதே பலகையையும் மாற்ற வேண்டும். குறையைச் சொல்லி, விலையில் 5,000 குறைத்துக் கொடுத்திருந்தாலும் 10,000 மிஞ்சியிருக்கும். அந்த வீதியும் எனக்குத் திறந்தே இருந்திருக்கும்.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளொன்றின் தரத்தைப் பற்றிப் பொய்யாகக் காட்டி விற்பது குற்றம்.

நாம் மத்ரஸாவில் படித்ததும் இதுதான். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் இருந்த சம்பவத்தை அறியாதவர் இல்லை. மழை நனைத்துவிட்டது என்பது அந்த வியாபாரியின் பதில். மழை அவர் செய்த தவறல்ல. என் அலுமாரியை அரித்த வண்டும் நான் விட்டதல்ல. ஆனாலும் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்றே அவருக்குச் சொல்லப்பட்டது. குறை எப்படி வந்தது என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை. அது தெரிந்த பிறகு எதனால் மூடினோம் என்பதே கேள்வி. குறை கண்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதும் எமது மார்க்கச் சட்டத்தில் உள்ளதே.

இப்போது நான் விற்கும் ஒவ்வொரு சாமானின் லாச்சிக்குள்ளும் அல்லது கதவின் உட்புறத்திலும் ஒரு சிறு அட்டை ஒட்டப்பட்டிருக்கும். என்ன மரம், எந்தப் பலகை மாற்றப்பட்டது, எங்கே புட்டி உள்ளது, வண்டுக்கு மருந்து எப்போது அடிக்கப்பட்டது, என்ன பூச்சு, திகதி, என் கடைப் பெயர். வைரப் பகுதி எது, வண்டு விரும்பும் வெளிறு மரம் எது என்றும் வாங்குபவருக்குக் காட்டிக் கொடுக்கிறேன். துளையின் ஓரம் கூராக இருந்து, வெளிர் நிறப் பொடி புதிதாக விழுமானால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்பதையும் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஓடாவியார் சிரித்தார். "குறைய எழுதி வெச்சா யாரு தம்பி வாங்குவாங்க?" என்றார். அட்டையை வாசித்துவிட்டு வாங்காமல் போனவர்கள் உண்டு. ஆனால் அட்டையோடு வாங்கிப் போன எவரும் இன்றுவரை சாமானைத் திருப்பி அனுப்பவில்லை.

இத்தொழிலில் ஏற்கனவே இருப்போரும் இனி இறங்குவோரும் ஊருக்கு ஊர் ஒன்றுகூடி, இந்த அட்டையைப் பொது வழக்கமாக்கினால் என்ன? கல்முனையில் வாங்கிய பழைய சாமானை நம்பி வாங்கலாம் என்ற பெயர் ஒன்று உருவானால், அறுகம்பை விடுதிக்காரரும் கொழும்புக்காரரும் எம்மைத் தேடி வருவார்கள். லொறிக்காரரிடம் அரை விலைக்குத் தள்ளும் சாமானின் மீதி விலையும் எமது ஓடாவிமாருக்கே கிடைக்கும்.

அந்த அலுமாரி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. வெள்ளை எனாமலைச் சுரண்டி எடுத்தபோது உள்ளே நல்ல தேக்கு தெரிந்தது. அடிப்பலகையை மாற்றி, பொலிஷ் போட்டு, என் மகளின் வீட்டுக்கென்று வைத்துக்கொண்டேன். அதற்குள்ளும் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது.